மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால்: கொந்தராத்துக்காரருடன் பேசித் தீர்க்கும் முறை

திருகோணமலையில் கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கட்டி முடித்த வீட்டின் குறைகள் குடிபூரலன்று கண்ணில் படுவதில்லை. ஐப்பசியில் வாடைமழை இறங்கிய பிறகுதான் மொட்டை மாடியில் தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடாமல் நடுவில் குளம்போல் நிற்பது தெரியவரும். மழை விட்டால் காய்ந்துவிடும் என்று இதை விட்டுவிடக் கூடாது. உப்புக் காற்றுப் படும் ஊரில் கசிந்திறங்கும் ஈரம் சிலாப்பின் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் கொங்கிறீட் வெடித்துக் கீழே உதிரும்.

கொந்தராத்துக்காரரை அழைப்பதற்கு முன்னர் அளந்து வையுங்கள். மழை விட்டு ஒரு நாள் கழிந்த பின்னும் நிற்கும் தண்ணீரின் ஓரத்தைச் சோக்கால் வரைந்து, ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து, திகதி தெரியும்படி படம் எடுங்கள். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் சரிவையும் பார்க்கலாம்: எண்பதுக்கு ஒன்று, அதாவது பத்து அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் இறக்கம் இருந்தால் தண்ணீர் தங்காது. ஒப்பந்தத்திலோ வரைபடத்திலோ சரிவு குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாளையும் எடுத்து வையுங்கள்.

எங்கள் ஊரில் கொந்தராத்துக்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவோ ஒன்றுவிட்ட உறவினராகவோ இருப்பதால், பலர் ஒன்றில் வாயே திறப்பதில்லை, இல்லாவிட்டால் வேலையாட்களின் முன்னால் சத்தம் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் கூடுதல் நட்டம், ஏனெனில் தன் ஆட்களின் முன்னால் பிழையை ஒப்புக்கொள்ள எந்த மேசனும் துணியமாட்டார். அவரைத் தனியே மாடிக்கு அழைத்துச் சென்று, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டி, "அண்ணன், இது குழாய்க்குப் போகவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். யார் பிழை என்ற பேச்சை அவர் தொடங்கினாலும் நீங்கள் தொடராதீர்கள்.

அநேகமாக அவர் முதலில் சொல்வது, தண்ணீர் கசியாத பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்பதாகவோ, பில்லில் கொஞ்சம் கழித்துவிடுகிறேன் என்பதாகவோ இருக்கும். ரைல்ஸ் நிறம் சற்று மாறியிருந்தால் கழிவை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தண்ணீர் தேங்கும் குறைக்குக் கழிவு வாங்கினால், ஐந்து வருடம் கழித்துச் சிலாப்பைத் திருத்தும் செலவை நீங்களே வாங்கிக்கொண்டதாகிவிடும். பெயின்ற் சரிவை மாற்றாது. பழைய சாந்துப் பூச்சைக் கொத்தியெடுத்து, சரிவோடு புதிதாகப் போட்டு, ஒரு கிழமையாவது ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். பூச்சை எடுக்காமல் மேலேயே இன்னொன்று போடுவதற்கும் சம்மதிக்காதீர்கள். அது சிலாப்புக்கு வீண் பாரம்.

மீதிக் காசு உங்கள் கையில் இருக்கும்வரைதான் பேச்சுக்கு வலு உண்டு, ஆனாலும் முழுவதையும் மறிக்க வேண்டாம். வேறொரு மேசனிடம் திருத்தச் செலவை எழுத்தில் வாங்கி, அந்த அளவை மட்டும் நிறுத்திவைத்து, ஏனையதைக் கொடுத்துவிட்டால், கூலி கொடுக்க முடியவில்லை என்று அவர் வேலையை இழுத்தடிக்க இடமிராது. பேசி முடித்ததை, என்ன வேலை, எந்தத் திகதிக்குள், எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சபை தீர்ப்புச் சொல்லாது, இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவரவே முயலும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் செல்லலாம்.

திருத்தம் முடிந்ததும் குழாய் வாயை அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணித்தியாலம் விட்டுக் கீழே கூரையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து, தண்ணீர் முழுவதும் ஓடி முடிகிறதா என்று அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பார்த்த பின்னர், நிறுத்திவைத்த தொகையை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.