மழைக்கு ஊதிய கதவு: என் அனுபவம்
இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் வீட்டு முன் கதவு, மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் போதும், ஊதிப்போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். இரண்டு வருடம் வார்னிஷ் அடித்தேன், கீழ் ஓரம் தோல் உரிந்த மாதிரி கழன்று வந்தது. கதவைக் கழற்றிக் கவிழ்த்த பிறகுதான் புரிந்தது: அடியில் பலகையின் வெட்டுமுகத்தில் யாரும் எதுவும் பூசவே இல்லை, அது தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றியிருக்கிறது, வார்னிஷ் படலம் அதை வெளியே விடவில்லை.

பெப்ரவரி வெயிலில் வார்னிஷை முழுக்கச் சுரண்டி, இரண்டு வாரம் காயவிட்டு, சிலேன் (தண்ணீரை ஒட்டவிடாத ஒரு சிலிக்கன் சேர்மம்) கலந்த திரவத்தை அடித்தேன், வெட்டுமுகத்துக்கு மட்டும் மூன்று தடவை. இது மேலே படலமாக நிற்காது. உள்ளே இறங்கி மரநாரைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் முத்துமுத்தாக உருளும், உள்ளே இருக்கும் ஆவி மட்டும் வெளியேறும். ஈர மரத்தில் அடித்தால் காசு வீண்.

மிச்சத்தை அம்மாவின் மூங்கில் கூடைக்கும் அடித்தேன், பூஞ்சணம் குறைந்தது. வெயிலில் கதவு நரைப்பதை மட்டும் இது தடுக்காது, அப்புறம் பெயின்ட் அடிக்க நினைத்தால் சரியாக ஒட்டாது, அதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.