திருவிழாப் பாட்டு சீக்கிரம் பழசாகாமல் இருக்க, சத்தத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் இப்போது ஊருக்கு ஊர் பாட்டு போடுகிறார்கள். முளைப்பாரிக்கு ஒன்று, சந்தனக்கூட்டுக்கு ஒன்று, மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஒன்று, எல்லாம் லேப்டாப்பிலேயே. அதில் பலதும் அடுத்த வருஷமே பழசாகிப் போவதற்கு மெட்டு காரணமில்லை. சாஃப்ட்வேரைத் திறந்ததும் முதலில் வந்த சத்தத்தை அப்படியே வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசர் கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புதுச் சத்தம் உருவாக்குவது பெரிய தலைவலி, குட்டித் திரையைப் பார்த்துக்கொண்டு பட்டனைத் தட்டித் தட்டி எண்களை மாற்ற வேண்டும், அதனால் பெரும்பாலோர் உள்ளே இருந்ததையே வாசித்தார்கள். கிணுகிணு என்ற அந்த எலக்ட்ரிக் பியானோ காதில் விழுந்தாலே எண்பதுகள் என்று சொல்லிவிடலாம். ரோலண்டு டிஆர்-808 என்ற டிரம் மெஷினின் கதை வேறு. 1980-ல் வந்தபோது நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று குறை சொன்னார்கள், 1983-ல் உற்பத்தியே நின்றுபோனது, ஆனால் ஹிப்ஹாப்பில் இன்றைக்கும் அதன் கிக்தான், அதாவது தும் என்று விழும் அந்தப் பெரிய டிரம் அடிதான். இன்னொரு வாத்தியமாக நடிக்காத சத்தத்துக்கு ஆயுள் அதிகம் என்பது என் கட்சி.

சரி, செய்ய வேண்டியது என்ன? பிடித்த சத்தத்தில் ரிவர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒரே சத்தத்தைப் பல சத்தம் சேர்ந்தது போலக் காட்டுவது) இரண்டையும் முதலில் அணைத்துவிட்டுக் கேளுங்கள். காலத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சுதான். எண்பதுகளின் ஸ்னேர் டிரம்மில் எதிரொலி பெரிதாக எழும்பி டக்கென்று அறுந்துவிடும், அதைக் கேட்டாலே தெரியும். அப்புறம் அட்டாக்கையும் (சத்தம் எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பது) ஃபில்டரையும் (கூர்மையைக் கூட்டுவது, குறைப்பது) கொஞ்சம் மாற்றுங்கள். ஒவ்வொரு அடியும் ஒரே அழுத்தத்தில் விழாதபடி வெலாசிட்டியை, அதாவது அடியின் பலத்தை, கையால் திருத்துங்கள். நாதஸ்வரமாக நடிக்கும் கீபோர்டு சத்தத்தைப் பயன்படுத்தவே வேண்டாம்.

ஒரே ஒரு வாத்தியமாவது நிஜமாக இருக்கட்டும். உறுமியில் வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது வரும் முனகல் ஒரு இழுப்புக்கு இருந்த மாதிரி மறு இழுப்புக்கு இருக்காது, அதை எந்த சாம்பிளும் (முன்பே பதிவு செய்து வைத்த சத்தத் துண்டு) முழுதாகத் தராது. கடற்கரை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும் என்பதால், பறை என்றால் ரெக்கார்டிங்குக்கு முன்னால் நெருப்பில் காய்ச்சச் சொல்லுங்கள், இடையில் சுருதி இறங்கினால் திரும்பவும் காய்ச்ச வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும், அதனால் உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டிக்கொண்டு எடுங்கள்.

வேண்டுமென்றே பழைய வாசனை வேண்டுமா? அப்படியென்றால் டிரம்ஸ், பேஸ், எதிரொலி எல்லாமே அந்தக் காலத்ததாக இருக்கட்டும்.

கடைசியாகக் குழாய் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தாழ்ந்த பேஸ் சத்தம் அதில் வராது, 808 கிக் காணாமலே போய்விடும். கிக்கில் லேசாக டிஸ்டார்ஷன் (கரகரப்பு) ஏற்றினால் ஊர் எல்லை வரை கேட்கும்.