பலன கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கண்டிக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு நான்தான் வழிகாட்டி. கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் இருக்கும் பலன கோட்டைக்கும் கூட்டிப்போவேன். தண்ணீர்ப் போத்தல், நல்ல சப்பாத்து என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஏறுவது

எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. ஹற்றனிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்து வந்தது. விடியவே ஏறுவோம் என்றேன். "அவசரமில்லை அண்ணே" என்றார்கள். பேராதனைப் பூங்காவில் காலை போனது. அப்புறம் சாப்பாடு. அப்புறம் கடுகண்ணாவையில் 1832ல் கட்டிய டோசன் நினைவுக் கோபுரத்தடியில் ஆளாளுக்குப் படம். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பனி மூடி, கையை நீட்டினால் விரல்தான் தெரிந்தது. "இந்த நாலு கல்லுக்கா வேன் காசு குடுத்தோம்?" என்று ஒரு தம்பி என்னிடமே கேட்கிறான்!

பெயருக்குத்தான் அது கோட்டை. கொழும்புப் பக்கமிருந்து படை வருகிறதா என்று கண்டி இராச்சியத்தின் காவலர்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. 1594ல் பேத்ரோ லோபஸ் த சோசாவின் போர்த்துக்கேயப் படை இந்த வழியாகத்தான் கண்டிக்கு ஏறியது. திரும்பும்போது கண்டி அரசன் விமலதர்மசூரியனின் ஆட்கள் அதைத் தந்துரை என்ற ஊரில் தீர்த்துக்கட்டினார்கள். விடியலில் நின்றால் கீழே மாவனல்லைப் பக்கத்துத் தாழ்நிலம் விரிந்து கிடக்கும், பைபிள் ரொக் மலையின் தட்டை உச்சி தெரியும். இவ்வளவு கீழேயிருந்து ஏறி வருகிறவன் மேலே இருப்பவனிடம் எப்படித் தப்புவான் என்பது அப்போதுதான் புரியும். வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள ஈரக்காற்று சூடாகிச் சரிவில் ஏறும், குளிர்ந்து மேகமாகிவிடும். பிறகு கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

கோபுரத்தைத் தேடுவது

கோட்டையில் கோபுரம் இல்லை. தாழ்ந்த சுவர்த் துண்டுகளும் அத்திவாரமும்தான். காலிக் கோட்டையை நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

சுவரில் ஏறி நின்று படம் எடுப்பது

வேண்டாம். 1940ஆம் ஆண்டிலிருந்தே தொல்பொருள் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், கல் ஆடுகிறது.

அட்டையைப் பிடுங்குவது

மழை விட்ட மறுநாள் புல்லெல்லாம் அட்டைதான். ஏறுவதற்கு முன்பே காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக் காயவிடுங்கள். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல் நகத்தால் வாயோரம் நெம்பிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை.

எந்த றெயிலும் நிற்கும் என்று நம்புவது

1867ல் கண்டிக்குப் போட்ட பாதையில்தான் பலன ஸ்டேஷனும் இருக்கிறது. ஆனால் கடுகதி றெயில்கள் அதைத் தாண்டிப் பறந்துவிடும். இறங்கியதுமே திரும்பிப் போகும் றெயிலின் நேரத்தை ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு ஏறுங்கள்.