ஒரு நாளுக்கு ஓர் இடத்தை மட்டும் உறுதி செய்யுங்கள்

குடும்பத்துடன் வேலூருக்குச் சுற்றுலா வருபவர்கள், ஒரு நாளுக்கு ஓர் இடத்தை மட்டும் நேரம் குறித்துக் காலையிலேயே பார்த்துவிட்டு, மாலைப் பொழுதைத் திட்டமிடாமல் விட்டுவைப்பது நல்லது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதோடு, கோடையில் 11 மணிக்கெல்லாம் கருங்கல் தரை வெறுங்காலைச் சுடத் தொடங்கிவிடும் என்பதால், நேரத்துக்குக் கட்டுப்பட்ட இடங்கள் காலைக்கே பொருந்தும். மாலைக்கென முன்பணம் எதுவும் கட்டாததால், பிள்ளைகள் களைத்துப்போனாலும் பணம் வீணாகாது. அவர்கள் உற்சாகமாக இருந்தால் அகழியைப் பார்த்தபடி புல்வெளியில் உட்காரலாம். அல்லது ஆற்காடு வரை போய், உள்ளே முந்திரியும் திராட்சையும் பொதிந்து பாகில் ஊறிய மக்கன் பேடாவை (குழந்தைகளுக்குப் பாதி போதும், அவ்வளவு இனிப்பு) வாங்கித் தரலாம்.

இரத்தினகிரியிலும் வள்ளிமலையிலும் கூட்டம் நிறையும் ஆடிக் கிருத்திகைக்கும், திருவண்ணாமலை கிரிவலத்துக்காகப் பேருந்துகள் நிரம்பும் பௌர்ணமிக்கும் இந்த வழிமுறை உதவாது. அந்நாட்களில் தங்கும் அறையையும் வண்டியையும் முன்னரே உறுதி செய்துகொள்ள வேண்டும். காட்பாடியிலிருந்து ஊர் திரும்பும் ரயில் பயணச்சீட்டை எந்த நாளிலும் கடைசி நேரத்துக்கு விட வேண்டாம்.