உங்கள் ஊர் மாடு விடும் விழாவின் கதையை எழுதி வைப்பது எப்படி

வேலூர் பக்கம் பொங்கல் முடிந்த கையோடு ஊர் ஊராக மாடு விடும் விழா, அதாவது மாட்டை ஓடவிட்டு வேகம் பார்க்கும் போட்டி, ஆரம்பித்துவிடும். எப்போதிருந்து நடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் "எங்க தாத்தா காலத்துல இருந்து" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்தது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, எந்தெந்த வருஷம் மாடு விடவில்லை என்று கேளுங்கள். நடந்த வருஷங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும், நின்றுபோன வருஷம் மட்டும் காரணத்தோடு ஞாபகத்தில் இருக்கும். பங்காளிச் சண்டை, ஊரில் விழுந்த சாவு, ஏரி காய்ந்துபோய் மாட்டையே விற்ற வருஷம் என்று ஒவ்வொன்றாக வரும். 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டதும், 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு அனுமதிக்கும் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். நடுவில் உங்கள் ஊர் சும்மா இருந்ததா, விடியற்காலையில் நாலு மாட்டை ஓட்டிப் பார்த்ததா என்பதையும் கேட்டு எழுதுங்கள், ஆனால் ஓட்டியவர்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

பெரியவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்வார்கள். "எம்ஜிஆர் செத்த அடுத்த பொங்கலுக்கு" என்றால் அவர் இறந்தது 1987 டிசம்பர் 24, ஆக 1988 ஜனவரி. சரி, அதே விழாவின் நோட்டீஸ் கையில் கிடைத்து, அதில் 'பிரபவ வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருந்தால்? பிரபவ 60 வருஷத்துக்கு ஒரு தடவை வரும், 1928 தையும் பிரபவதான். அப்போது பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நிச்சயம் 1972-க்கு முன்னால் போகாது, ஆக 1988. வருஷமே போடாத நோட்டீஸ் என்றால் மாவட்டப் பெயரைப் பாருங்கள். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றிருந்தால் 1989-ல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு அடித்தது. ராணிப்பேட்டை அல்லது திருப்பத்தூர் மாவட்டம் என்றிருந்தால் 2019-க்கு அப்புறம். பழைய நோட்டீஸ் எங்கே கிடைக்கும் என்றால், டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருப்பார்கள், சாமி படத்துக்குப் பின்னால் அட்டையாக வைத்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட உருப்படியானது வரவு செலவு நோட்டு. எனக்குக் கிடைத்த ஒன்றில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் பணம்) யார் கொடுத்தார்கள், யார் பாக்கி, மூங்கில் எவ்வளவு, பம்பைக்காரருக்கு எவ்வளவு என்று எல்லாம் இருந்தது. ஒரு வருஷம் திடீரென்று 'ரோட்டில் மண் கொட்ட டிராக்டர் வாடகை' என்று ஒரு வரி. சிமெண்டில் மாடு வழுக்காமல் இருக்கத்தான் அந்த மண், தெருவுக்கு சிமெண்ட் ரோடு வந்தது எப்போது என்று அதில்தான் தெரிந்தது.

நம் பக்கம் மதுரை மாதிரி திமிலைப் பிடித்துத் தொங்குவது இல்லை, மாடு குறிப்பிட்ட தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. அப்படியானால் ஸ்டாப்வாட்ச் வருவதற்கு முன்னால் ஜெயித்த மாட்டை எப்படி முடிவு செய்தார்கள்? இதைக் கட்டாயம் கேளுங்கள், திண்ணையில் ஒரு மணி நேரம் சண்டை நடக்கும், போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் விழாக்குழு ஆட்களிடம் மட்டும் பேசி, மாடு எப்போதும் கோயில் தெருவில்தான் ஓடும் என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துக் காட்டியபோது வாசலில் முறுக்கு விற்கும் பாட்டி, "ஏம்ப்பா, ஏரிக்கரையில வுட்டத யாரு சொல்லுவா?" என்றார். தெருவுக்கு மாற்றியதே, ஏரிக்கரையில் எல்லோரும் கலந்து நின்று பார்ப்பது சிலருக்குப் பிடிக்காமல்தானாம். குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாடு எந்தத் தெரு வழியாக ஓடியது என்று எழுதும்போது, எந்தத் தெருப் பக்கம் போகவே இல்லை என்பதையும் அந்தத் தெருக்காரர்களிடமே போய்க் கேட்டு எழுதுங்கள்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள், யார் சொன்னது என்று பக்கத்திலேயே குறித்துவிட்டு. டைப் செய்து ஒரு பிரதியைக் கோயில் பீரோவில் வையுங்கள், இன்னொன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். கோயில் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பது எங்கள் ஊரில் இன்னும் தீராத தனிப் பஞ்சாயத்து.