சினாப்ஸ் எங்கே அமைகிறது என்பது ஏன் முக்கியம்: கால்குலேட்டரில் செய்து பார்க்கும் செய்முறை

ஒரு நியூரானின் (நரம்பு செல்லின்) உள்ளீடு பெறும் டென்ட்ரைட் கிளைகளில், மற்ற நியூரான்களின் சைகை வந்து சேரும் இணைப்புகளான சினாப்ஸ்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அவை எல்லாம் செல் உடலில் ஒரே அளவு மாற்றத்தை உண்டாக்குவதில்லை. கிளையின் தடிமன், செல் உடலிலிருந்து உள்ள தூரம், பக்கத்தில் எந்தச் சினாப்ஸ் இயங்குகிறது என்பவை சேர்ந்தே ஒவ்வொன்றின் பங்கையும் தீர்மானிக்கின்றன. கிளையை மின்னோட்டம் கசியும் கம்பியாகக் கருதி, நரம்பியல் அறிஞர் வில்ஃபிரிட் ரால் நியூரான்களுக்குப் பொருத்தி வளர்த்த கேபிள் கோட்பாட்டைக் கொண்டு இதை நாமே கணக்கிடலாம்.

படி 1: நீள மாறிலி

நிலையான மின்னழுத்தம் கிளை வழியே செல்லும்போது ஏறக்குறைய 37 விழுக்காடாகத் தேயும் தூரமே நீள மாறிலி. சவ்வின் தடையை 20,000 ஓம்-சதுர செ.மீ என்றும், உள்திரவத்தின் தடையை 150 ஓம்-செ.மீ என்றும், கிளையின் விட்டத்தை 2 மைக்ரோமீட்டர், அதாவது 0.0002 செ.மீ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தை 4ஆல் வகுத்து, சவ்வுத் தடைக்கும் உள்தடைக்குமான விகிதமான 133.3ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.0816 செ.மீ, அதாவது 816 மைக்ரோமீட்டர் கிடைக்கும். விட்டத்தை 0.5 மைக்ரோமீட்டராகக் குறைத்தால் நீள மாறிலி பாதியாகி 408 ஆகும்.

படி 2: தூரத்தால் வரும் தேய்வு

தூரத்தை நீள மாறிலியால் வகுத்து, வரும் எண்ணைக் குறை (−) அடையாளத்துடன் e-இன் அடுக்காக இட்டால் எஞ்சும் பங்கு கிடைக்கும். 400 மைக்ரோமீட்டர் தொலைவைக் கடக்கும் நிலையான மின்னழுத்தத்தில், தடித்த கிளையில் சுமார் 61 விழுக்காடும் மெல்லிய கிளையில் சுமார் 38 விழுக்காடும் எஞ்சும். இது முடிவில்லாத, கிளைக்காத கேபிளுக்கான கணக்கு. சினாப்ஸ் தருவது சில மில்லிநொடித் துடிப்பு என்பதாலும், சவ்வின் மின்தேக்கம் வேகமான மாற்றங்களை விழுங்கிவிடும் என்பதாலும், உண்மையில் தேய்வு இதைவிட அதிகம்.

படி 3: பக்கத்தில் இருப்பவர் யார்?

பலரும் தூரத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்தப் படிதான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஓய்வு நிலை மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட், கிளர்ச்சிச் சினாப்ஸ் இழுத்துச் செல்ல முயலும் மட்டம் 0, கிளையின் அந்த இடத்துக் கடத்துதிறன் (மின்னோட்டத்தைக் கடக்கவிடும் அளவு) 2 நானோசீமென்ஸ் எனக் கொள்வோம். 1 நானோசீமென்ஸ் சினாப்ஸ் ஒன்று திறந்தால், 70ஐ சினாப்ஸின் 1ஆல் பெருக்கி, மொத்தக் கடத்துதிறனான 3ஆல் (2 + 1) வகுக்க, 23.3 மில்லிவோல்ட் உயர்வு வரும். அதே இடத்தில் இரண்டு திறந்தால் 46.6 வரும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் 70ஐ 2ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 35தான் வருகிறது. முதல் சினாப்ஸே மின்னழுத்தத்தை 0க்கு அருகே தள்ளிவிட்டதால், இரண்டாவதற்கு உந்துவிசை குறைந்துவிடுகிறது. இரண்டையும் வெவ்வேறு கிளைகளில் வைத்தால் இந்த இழப்பு பெரிதும் நீங்கும்.

இனி ஒற்றைக் கிளர்ச்சிச் சினாப்ஸின் பக்கத்தில் 2 நானோசீமென்ஸ் தடுப்புச் சினாப்ஸ் ஒன்றைச் சேர்த்து, அதன் மட்டமும் மைனஸ் 70 என வையுங்கள். தனியாக அது மின்னழுத்தத்தை அசைக்காது, ஆனால் மொத்தக் கடத்துதிறன் 5 ஆகிவிடுவதால், 23.3 என்பது 14 ஆகக் குறைந்துவிடும்.

படி 4: கணக்கு தலைகீழாகும் இடம்

மேலே கண்டது செயலற்ற சவ்வுக்கே, அதாவது மின்னழுத்தத்தைப் பொறுத்துக் கடத்துதிறன் மாறாத சவ்வுக்கே பொருந்தும். கிளர்ச்சிச் சினாப்ஸ்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பிகள் என்னும் அயனி வாயில்களை ஓய்வு நிலையில் மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். மின்னழுத்தம் உயர்ந்தால்தான் அந்த அடைப்பு விலகும். ஆகவே அவை மிகுந்த மெல்லிய கிளையில், நெருங்கி அமைந்த சினாப்ஸ்கள் ஒரே நேரத்தில் இயங்கும்போது, ஒன்று மற்றொன்றுக்கு வழிவிட்டு, தனித்தனி விளைவுகளின் கூட்டலைவிடப் பெரிய துடிப்பை எழுப்புகின்றன. நெருக்கம் இழப்பா ஆதாயமா என்பதற்குச் சவ்வில் எந்த ஏற்பி உள்ளது என்று பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

படி 5: வரிசை

நுனியிலிருந்து செல் உடலை நோக்கிச் சினாப்ஸ்கள் வரிசையாக இயங்கினால், எதிர்த்திசையில் இயங்குவதைவிட உயரமான முகடு செல் உடலில் கிடைக்கும் என்று ரால் 1964இல் காட்டினார். பெருமூளைப் புறணியின் பிரமிடு நியூரான்கள் இந்தத் திசையை வேறுபடுத்துவதை பிராங்கோ, கிளார்க், ஹாய்சர் ஆகியோர் 2010இல் சோதனையில் கண்டனர்.

இதற்கு நேரக் கணக்கு வேண்டும் என்பதால் கால்குலேட்டர் போதாது. நியூரான் என்ற பெயரிலேயே இருக்கும் இலவச மென்பொருளுக்குப் போகலாம். அதில் கிளையைத் துண்டுகளாகப் பிரிக்கும்போது, 100 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட நீள மாறிலியின் பத்தில் ஒரு பங்கைவிட எந்தத் துண்டும் நீளமாக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.