ஏபிஐ ஸ்கீமாவில் எண் புலங்களை வரையறுப்பது எப்படி?

ஏபிஐகளை (மென்பொருள்கள் தரவைப் பரிமாறும் இடைமுகங்களை) விவரிக்கும் தரநிலையான ஓப்பன்ஏபிஐயின் ஸ்கீமாவில், அதாவது தரவின் வடிவத்தைச் சொல்லும் வரையறையில், எண்களுக்கு இன்டிஜர் (முழு எண்), நம்பர் (தசம எண்ணும் அடங்கும்) என இரண்டே வகைகள் இருந்தாலும், வகையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது போதாது. ஆர்டரில் வரும் பொருள்களின் எண்ணிக்கை என்றால், இன்டிஜர் வகையுடன் மினிமம் 1 என்பதையும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் மேக்சிமத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதிகக் கவனம் தேவைப்படுவது 64 பிட் முழு எண்ணுக்குத்தான். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண் வகை 9007199254740991 வரையிலான முழு எண்களையே பிசகாமல் காக்கும் என்பதால், சர்வர் 9007199254740993 என்று அனுப்பும் ஆர்டர் எண், பிரவுசரில் ஜேசானை (தரவை அனுப்பும் உரை வடிவத்தை) பிரித்துப் படிக்கும்போது 9007199254740992 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, வேறொருவரின் ஆர்டர் திறக்கக்கூடும். ஆகவே இத்தகைய அடையாள எண்களை, இலக்கங்களை மட்டும் ஏற்கும் பேட்டர்ன் விதியுடன் ஸ்ட்ரிங்காகவே (உரையாகவே) வரையறுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

பணத்தொகைக்கு மல்டிபிள்ஆஃப் 0.01 (மதிப்பு 0.01இன் மடங்காக இருக்க வேண்டும் என்ற விதி) என்று எழுதுவது சரியாகத் தோன்றினாலும், 0.3ஐ 0.1ஆல் வகுத்தால் 2.9999999999999996 தரும் மிதவைப் புள்ளிக் கணக்கை (தசமங்களைத் தோராயமாகக் கையாளும் கணினிக் கணக்கை) நம்பும் வேலிடேட்டர் (தரவைச் சரிபார்க்கும் நிரல்), செல்லுபடியாகும் தொகையையும் நிராகரிக்கலாம். தொகையைப் பைசாவாக்கி இன்டிஜராக அனுப்புவது பாதுகாப்பானது.

பூஜ்யத்தை விலக்க உதவும் எக்ஸ்க்ளூசிவ்மினிமம், ஓப்பன்ஏபிஐ 3.0 பதிப்பில் மினிமத்துடன் இணைந்த ட்ரூ/ஃபால்ஸ் மதிப்பாகவும், 3.1 பதிப்பில் தனி எண்ணாகவும் எழுதப்படுவதால், பதிப்பை மாற்றும்போது அந்த வரிகளைத் தேடித் திருத்துங்கள்.